கவுஸ் அழுத்திய பொத்தான்

ஊரில் கவுஸைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னார்கள். லெப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்களை அப்படிச் சொல்வது புதிதில்லை. ஆனால் கவுஸ் விஷயத்தில் ஒரு காரணமும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது யாராவது பக்கத்தில் வந்து ஸலாம் சொல்லிக் கை நீட்டினால், அவர் வாயால் பதில் சொல்வார். நீட்டிய கையைத் தொடமாட்டார். நேரே பார்த்தபடி நடந்து போய்விடுவார். கை நீட்டியவர் அதை மெல்ல இழுத்துக்கொண்டு, யாராவது கவனித்தார்களா என்று சுற்றிலும் பார்ப்பார்.

அந்தக் கை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கவுஸுக்கே தோன்றவில்லை.

அதற்கு முன்னால் அவர் சவுதியில், தம்மாமில், ஒரு கம்பெனிக்காகத் தொழிலாளிகளை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். நிதானமான டிரைவர் என்று பெயர் எடுத்தவர். 1998இல் ஒரு சாயங்காலம், கம்பெனி முற்றத்தில் பஸ்ஸைத் திருப்பியபோது, வலது பக்கம் நின்றிருந்த ஒரு பங்களாதேஷ்காரரின் மேல் ஏற்றிவிட்டார். உயிர் தப்பியது. கால், முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

போலீஸ் கேட்டபோதும் மானேஜர் கேட்டபோதும் கவுஸ் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "பார்த்துட்டுத்தான் திருப்புனேன். அங்க ஆள் இல்ல."

யாரும் நம்பவில்லை. தூங்கிவிட்டார் என்றார்கள், யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார் என்றார்கள். சில நாள் காவலில் வைத்திருந்து, பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் அவர் இந்த விஷயத்தை மனைவி பாத்திமா பீவியிடம் மட்டும் சொன்னார். சொல்லும்போதும் அதே வார்த்தைகள்தான். "அங்க ஆள் இல்ல பாத்திமா. சத்தியமா இல்ல."

பாத்திமா பீவி அதிகம் பேசாதவள். அவளுடைய தம்பி ஹஸ்ஸான் கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருந்தான். கவுஸை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து எதிரே நீளும் பாதத்துக்குச் செருப்பு மாட்டிவிடுவதில் கவுஸுக்கு ஒரு சிரமமும் இல்லை. நேரே இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் நிற்கும் குழந்தைகளைத்தான் இடித்துத் தள்ளிவிடுவார். அடுக்கி வைத்த பெட்டிகளைத் தோளால் சாய்த்துவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். மகள் இன்ஷா ஓரமாக வைத்துவிட்டுப் போன தண்ணீர்ச் சொம்பு தினமும் உருளும்.

முதலில் பாத்திமா, மனசு சரியில்லாததால் இப்படி என்று நினைத்தாள். ஒரு நாள் அவர் பக்கத்தில் நின்று பாய் ஒன்றை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடிக்கும்வரை அவர், "பாத்திமா, எங்க இருக்க?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் இது மனசு இல்லை, கண் என்று அவளுக்குப் பட்டது.

பெரம்பலூரில் நடந்த கண் முகாமுக்கு அழைத்துப் போனாள். அங்கே கண்ணைப் பார்த்தவர்கள், திருச்சியில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்கள்.

அங்கேதான் டாக்டர் கமலவேணியைப் பார்த்தார்கள். நாற்பது வயதிருக்கும். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி, பார்க்கிற நரம்பை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வருகிற வியாதி, க்ளாக்கோமா என்று அதற்குப் பேர் என்றார். வலிக்காது, சிவக்காது, நேர்ப் பார்வை கடைசிவரைக்கும் நிற்கும், அதனால் பாதி போன பிறகுதான் ஆளுக்கே தெரியும் என்றார். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

கவுஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது எப்பலேருந்து இருக்கு டாக்டரம்மா?"

"சரியாச் சொல்ல முடியாது பாய். ஆனா நரம்பு இவ்வளவு போயிருக்குன்னா பல வருஷம் ஆயிருக்கும்."

"போன வருஷம் இருந்திருக்குமா?"

"கண்டிப்பா இருந்திருக்கும்."

கவுஸ் அந்த நாற்காலியிலேயே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கண் போகிறதே என்று அழுகிறார் என்று நினைத்து டாக்டர் ஆறுதல் சொல்லத் தொடங்கினார். பாத்திமாவுக்கு மட்டும் தெரியும். தூக்கமில்லை, கவனக்குறைவில்லை, அவர் சொன்னது பொய்யில்லை என்று முதல்முதலாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அதோடு, அந்த மனிதர் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தார் என்பதும் முதல்முதலாக உறுதியாகிவிட்டது.

காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டார்கள். அழுத்தம் இறங்கியது. ஆனால் பார்வை சுருங்குவது நிற்கவில்லை. வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. சில பேருக்கு அப்படித்தான், அழுத்தம் குறைந்தாலும் நரம்பு தேய்ந்துகொண்டே போகும் என்றார் டாக்டர். இரண்டாயிரமாவது வருஷத்தில் ஒரு நாள், ஒரு புது விஷயம் சொன்னார்.

"நரம்பையே நேராக் காப்பாத்த ஒரு மாத்திரை வருமான்னு ஆராய்ச்சி நடக்குது பாய். பல ஊர்ல செய்யறாங்க. இங்கயும் ஆரம்பிச்சிருக்கோம். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும், உள்ள மருந்து இருக்காது. சொட்டு மருந்து எல்லாருக்கும் உண்டு."

"எனக்கு எதத் தருவீங்க?"

"அது எனக்கே தெரியாது. தெரிஞ்சா நான் ஒருபக்கமாப் பார்ப்பேன் இல்லையா? முடியற வரைக்கும் ரெண்டு பேருக்குமே தெரியாது. பல வருஷம் ஆகும். வேணாம்னு தோணினா எந்த நிமிஷமும் நிறுத்திக்கலாம்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது பாத்திமா பீவி வழக்கத்துக்கு மாறாகப் பொரிந்து தள்ளினாள். "எலிக்குக் குடுத்துப் பாக்கற மருந்த உங்களுக்குக் குடுத்துப் பாப்பாங்களா? அதுவும் பாதிப் பேருக்கு வெறும் மாவாம். நமக்கு எதுக்குங்க இது?"

"யாராவது ஒருத்தன் சாப்பிட்டாத்தானே தெரியும்" என்றார் கவுஸ். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எவனோ ஒரு டிரைவருக்கு நாளைக்கு இது உதவும்" என்றார்.

அந்த மாத்திரை அவர் வாழ்க்கைக்கு ஒரு முறையைக் கொடுத்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ரமலானில் அதையே விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் என்று மாற்றிக்கொண்டார். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. செருப்புக் கடைக்கு வருகிறவர்களிடம், "வெளிநாட்டு ஆராய்ச்சியில இருக்கேன்" என்று சொல்வதில் ஒரு பெருமையும் வந்திருந்தது. ஊருக்கு அவர் கண் விஷயம் தெரிந்துபோயிற்று. திமிர் என்று சொன்னவர்கள் இப்போது எதிரே வந்து நின்று, அவர் கையைத் தாங்களே எடுத்துக் குலுக்கினார்கள்.

சில மாதங்களுக்கு ஒரு முறை திருச்சிக்குப் போகவேண்டும். பீல்ட் டெஸ்ட் என்று ஒன்று எடுப்பார்கள். இருட்டறையில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தமாதிரி ஒரு கருவி. அதற்குள் முகத்தைக் கொடுத்து, தாடையை ஊன்றி, ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் மின்னி மறையும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். கீழப்பழுவூரிலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த ராஜேஷ் என்பவன்தான் அந்த டெஸ்ட் எடுப்பான். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள் என்பதால் கவுஸிடம் அவனுக்கு ஒட்டுதல்.

முதல் வருஷம் ஒழுங்காகப் போனது. அப்புறம் ஒரு தடவை ராஜேஷ் பாதியில் டெஸ்ட்டை நிறுத்தினான்.

"பாய், வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க."

"தெரிஞ்சுதானே அமுக்கறேன்."

"இப்ப மெஷின் வெளிச்சமே விடல. நீங்க அமுக்குனீங்க."

"கை பட்டுருச்சு போல தம்பி."

மறுபடி எடுத்தான். மறுபடியும் கை பட்டது. அடுத்த தடவையும் அப்படியே. ராஜேஷ் பொறுமையாக இன்னொரு நாளைக்கு வரச் சொல்வான். கவுஸ் வருவார். வீட்டில், "இந்தத் தடவ நல்லா வந்துருக்கு. மருந்து பிடிக்குது" என்பார்.

பாத்திமா பீவி பார்த்ததோ வேறு. மனிதர் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் தெரு ஓரத்துச் சாக்கடையில் காலை விட்டுக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். நோன்புக் கஞ்சியை வாங்கிக்கொண்டு வரும்போது வாசல் நிலையில் முட்டி, கஞ்சி முழுக்கச் சட்டையில் கொட்டியது. இன்ஷா பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசைக் கொண்டுவந்து பக்கத்தில் நீட்டியபோது, "எங்கம்மா, காட்டு" என்று தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் தேடினார்.

கஞ்சி கொட்டிய அன்று, சட்டையைக் கழற்றி அலசிக்கொண்டே பாத்திமா கேட்டாள். "அந்த மெஷின்ல உங்களுக்கு வெளிச்சம் தெரியுதா இல்லியா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"சிலது தெரியுது. தெரியாததுக்கு ஒரு குத்துமதிப்பா அமுக்குவேன்."

"ஏங்க?"

"மோசமாயிட்டே போகுதுன்னு ஆராய்ச்சியிலேருந்து என்னை எடுத்துட்டாங்கன்னா?" அவர் குரல் தாழ்ந்தது. "அதுவும் இல்லாம, இந்த மருந்து ஜெயிக்கணும் பாத்திமா. என் கணக்குல அது தோத்துடக் கூடாது."

அவள் அலசிய சட்டையைப் பிழியாமல் வாளியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த தடவை திருச்சிக்குப் போனபோது, டாக்டர் கமலவேணி, "எப்படி இருக்கீங்க பாய்?" என்று கேட்டதும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பாத்திமா பேசினாள். "இவரு தெரியாத வெளிச்சத்துக்கும் பொத்தான அமுக்கறாரும்மா. வூட்டுல செவுத்துல முட்டிக்கிட்டுதான் இருக்காரு."

கவுஸ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவமானத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. "மெஷினே கண்டுபிடிச்சுடுச்சு பாய். நம்ப முடியாததுன்னு அந்த டெஸ்ட் எல்லாம் தனியா வச்சிருக்கோம். பயமா இருக்கும், அதனாலதான் தப்பா அமுக்கறாருன்னு நினைச்சேன்" என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. உங்களைப் போலவே எல்லாரும் அமுக்கிட்டா, வேலை செய்யாத மருந்தை வேலை செய்யுதுன்னு நாங்க நம்பிடுவோம். நாளைக்கு அதை ஆயிரம் பேருக்குக் குடுப்போம். அவங்களும் மருந்து காப்பாத்துதுன்னு நம்பி ரோட்டுல வண்டி ஓட்டுவாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க பாய். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்."

வண்டி என்ற சொல்லை டாக்டர் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. தம்மாமில் நடந்தது அவருக்குத் தெரியாது. ஆனால் கவுஸின் முகம் அந்த இடத்தில் மாறியதைப் பாத்திமா பார்த்தாள்.

அன்றைக்கு அவர் மறுபடி இருட்டறைக்குள் போனார். ராஜேஷ் பிற்பாடு சொன்னான், பாய் நெடுநேரம் பொத்தானைத் தொடவே இல்லை என்றும், மெஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று தான் எட்டிப் பார்த்ததாகவும், அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்து தாடை ஊன்றும் கட்டை நனைந்திருந்ததாகவும். அச்சடித்து வந்த தாளில், பார்வை இருக்கும் இடம் வெள்ளையாகவும் போன இடம் கறுப்பாகவும் இருக்கும். அதில் நடுவில் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு தவிர மற்றதெல்லாம் கறுப்பு.

திரும்பி வரும்போது, பெரம்பலூரில் தங்கள் ஊர் வழியாகப் போகும் அகரம்சீகூர் பஸ்ஸுக்காக நின்றபோது, "டாக்டர்ட்ட நீ சொல்லியிருக்க வேணாம்" என்றார். பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகு, "இல்ல. சொன்னது சரிதான்" என்றார்.

அதிலிருந்து ஆராய்ச்சி முடியும்வரை அவர் ஒரு தடவைகூடப் பொய்யாக அழுத்தவில்லை. ஒவ்வொரு டெஸ்ட்டிலும் வெள்ளை இன்னும் கொஞ்சம் சுருங்கியது. வலியில்லாமல், சத்தமில்லாமல், ஏதோ வேறு யாருக்கோ நடப்பதுபோல அது நடந்தது. கடைக்குத் தனியாகப் போவது நின்றது. ஹஸ்ஸான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவான். பிறகு கடைக்குப் போவதும் நின்றது. மாத்திரையை மட்டும் அவர் விடவில்லை. தனக்கு வந்தது வெறும் மாத்திரை என்று அவர் முடிவு கட்டிவிட்டிருந்தார்.

"எனக்கு மாவுதான் குடுத்திருக்காங்க. அதான் நிக்கல" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துக்கத்தைவிட நிம்மதிதான் இருக்கும். "அப்ப மத்தவனுக்குக் குடுத்தது நிக்க வைக்கும். என்னையும் அவனையும் வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரிஞ்சுடும்ல."

மாத்திரை கொடுப்பது முடிந்து, எல்லா ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்ல இன்னும் காலம் ஆயிற்று. 2006 கடைசியில் டாக்டர் கமலவேணி கூப்பிட்டு அனுப்பினார். சேர்ந்தவர்களுக்கெல்லாம் தானே நேரில் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார்.

"பாய், முடிவு வந்துருச்சு. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. இந்த மருந்து உதவல."

கவுஸ் தலையை ஆட்டினார். குரல் வந்த பக்கமாக முகத்தைச் சரிசெய்துகொண்டு, "நான் சாப்ட்டது மாவுதானே?" என்று கேட்டார்.

பாத்திமா டாக்டருடைய முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இல்ல பாய். உங்களுக்கு நிஜ மருந்துதான் வந்திருக்கு."

கவுஸ் சிரித்தமாதிரி இருந்தது. பிறகு, "மாவுன்னு சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பாத்திமா அவர் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"வீணாப் போகல பாய்" என்றார் டாக்டர். "இது ஆகாதுன்னு தெரிஞ்சதால வேற வழி தேடுவாங்க." அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

"தேடட்டும்மா" என்றார் கவுஸ்.

சில மாதம் கழித்து, வேறொரு மருந்துக்கு ஆராய்ச்சி தொடங்கப்போகிறது என்று ராஜேஷ் போனில் பேசும்போது சொல்லிவிட்டான். கேட்டதும் கவுஸ் ஒரே பிடியாகத் திருச்சிக்குக் கிளம்பினார். பாத்திமா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. டாக்டர் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"இதுல உங்களைச் சேர்க்க முடியாது பாய். மருந்து எவ்வளவு காப்பாத்துதுன்னு அளந்து பார்க்கணும். அளக்கறதுக்கு உங்க கண்ணுல மிச்சம் இல்ல."

இடது கண்ணில் வெளிச்சம் மட்டும். வலது கண்ணில், நீட்டிய கையின் உள்ளங்கை அளவு. அதற்கு மேல் டாக்டர் சொல்ல எதுவும் இல்லை. போகும்போது, "பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. ரத்த சொந்தத்துல வரும். பார்த்துடறது நல்லது" என்றார்.

இன்ஷாவுக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பரிசோதித்ததில் அவளுக்கும் அழுத்தம் கூடுதலாக இருந்தது. நரம்புக்கு இன்னும் சேதமில்லை. சொட்டு மருந்தை விடாமல் விட்டு, வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். பாத்திமா இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள். கவுஸ் கேட்கவில்லை. பெண் கேட்டு வந்த முதல் வீட்டாரிடம் அவரே சொன்னார். அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. இன்ஷா அன்றைக்கு முழுக்க அழுதாள். "அத்தா, நீங்க ஏன் சொன்னீங்க?" என்று கேட்டாள். பாத்திமா பீவியும் அவரோடு சில நாள் பேசவில்லை.

இரண்டாவதாக வந்தது ஜெயங்கொண்டத்தில் கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை பெயர் முகமது அனஸ். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மருந்து விடறதுக்கு ஞாபகப்படுத்தணும், அவ்வளவுதானே மாமா" என்றான்.

2007 கடைசியில் நிக்காஹ். காலையில் மண்டபத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், இன்ஷாவை அலங்கரித்து அத்தாவிடம் கூட்டிவந்தார்கள். கவுஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழுகிற இடத்தில் நிற்கச் சொன்னார். வலது கண்ணில் மிச்சமிருந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவள் முகம் ஒரே தடவையில் அடங்கவில்லை. முதலில் நெற்றியைப் பார்த்தார். பிறகு தலையைச் சற்றுச் சாய்த்துக் கண்ணைப் பார்த்தார். மூக்கு, மூக்குத்தி, உதட்டோரம், தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

வெளியே கார் வந்து நின்றிருந்தது. ஹஸ்ஸான் நேரமாயிற்று என்று கூப்பிட்டான். பாத்திமா பீவி வாசலுக்கு வந்து, "கொஞ்சம் இரு, அவரு பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள்.